பதினோரு நிமிடக் குரல்

நூற்றுப் பதினேழாவது வாக்கியத்தையும் என் கணவர் வகுப்பில் ஆஜர் சொல்கிற மாதிரிதான் வாசித்தார். “மழை வரும்போல இருக்கு, குடையை எடுத்துக்கோ.” ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. இந்த மனுஷன் சொல்வதைக் கேட்டால் மழையே சலித்துப்போய் வேறு ஊர் பார்த்துப் போய்விடும்.

நாளை காலை அறுவைச் சிகிச்சை. புற்று வந்த குரல்வளையை எடுத்துவிடுவார்கள். அதன்பிறகு அவர் தட்டச்சு செய்வதை ஒரு கருவி அவர் குரலில் பேசுமாம். அதற்காகத்தான் ஒரு வாரமாக இந்தப் பஞ்சு ஒட்டிய ஒலிப்பதிவு அறையில் என் உயிர் போகிறது.

“வீட்டுல என்னைத் திட்டுறப்ப இப்படியா பேசுவீங்க? கொஞ்சம் மனுஷன் மாதிரி படிங்களேன்!”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர், எதையும் நாலு முறை துடைத்துவிட்டுத்தான் பார்ப்பார். பேச்சும் அப்படித்தான். அவர் வாயிலிருந்து ஒரு பதில் வருவதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிடும். முப்பத்திரண்டு வருடமாகக் கேள்வியையும் நானே கேட்டு, பதிலையும் நானே சொல்லிப் பழகிவிட்டேன்.

பதிவு செய்கிற பொறியாளர் பெண், கருவியில் இதுவரை உருவான குரலை ஓடவிட்டாள். “நீ சாப்பிட்டியா?” அவர் குரலேதான். ஆனால் பதிலைக் கேட்க நேரமில்லாத ஆள் கேட்கிற கேள்வி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இது அவர் இல்லம்மா. அவர் ‘நீ’ன்னு சொல்லிட்டு ஒரு தடவை நின்னுட்டுத்தான் மிச்சத்தைக் கேப்பார்.”

“படிக்கிறப்ப ஐயா அப்படி நிக்கறதே இல்லம்மா. வீட்டுல பேசினதை வச்சுத்தான் கருவிக்கு அதைக் கத்துக்கொடுக்கணும். நீங்க போன்ல பதிவு பண்ணி அனுப்பினது நாலு மணி நேரம்.” கொஞ்சம் தயங்கினாள். “அதுல ஐயா பேசுறது பதினோரு நிமிஷம்தான். அவர் நிறுத்துற இடத்துலெல்லாம் நீங்க வந்துடுறீங்க.”

அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார்! எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, என்மேலேயே.

“இப்ப ஏதாவது கேளுங்கம்மா. நான் எதையும் வெட்ட மாட்டேன்” என்று ஒலிவாங்கியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

நாளைக்கு எந்தச் சட்டை, துணைக்கு யார் வருவது என்று கேட்கத்தான் வாய் திறந்தேன். வந்தது வேறு.

“பயமா இருக்கா?”

திரையில் அவர் குரலைக் காட்டும் பச்சைக் கோடு படுத்தபடியே ஓடியது. ‘அதெல்லாம் ஒண்ணும் ஆகாது’ என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் மூச்சை இழுத்தார். கோடு லேசாக எழும்பி, மறுபடியும் படுத்தது. நான் கையை எடுக்கவில்லை.