ஐம்பதைத் தாண்டிய இருபத்திரண்டு பெண்கள்

எங்கள் நிறுவனம் எங்களை முழுதாக நம்புகிறது. நம்புவதால்தான் வாசலில் விரல் ரேகை, உள்ளே கேமரா, கழிப்பறைக்குப் போய்வர ஒரு கார்டு. போன வாரம் அந்த நம்பிக்கை இன்னும் பொங்கி வழிந்து, எங்கள் போன்களில் ‘மனம் திற’ என்று ஒரு ஆப்பாக வந்து இறங்கியது.

“மனசுல இருக்கறதை அப்படியே கொட்டுங்க. இது பேரே கேட்காது. யார் எழுதினாங்கன்னு எனக்கே தெரியாது” என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார் எச்.ஆர். மேடம்.

பொய் சொல்லக்கூடாது, ஆப் பெயரைக் கேட்கவில்லை. எந்தப் பிரிவு, ஆணா பெண்ணா, வயது என்ன என்று மட்டும்தான் கேட்டது. எங்கள் பேக்கிங் பிரிவில் சூப்பர்வைசரோடு சேர்த்து இருபத்திரண்டு பேர். அதில் ஐம்பதைத் தாண்டிய பெண் ஒரே ஒருத்தி, பெரியக்கா. ஆப்பைச் செய்த அறிவாளிகளுக்கு இது தோன்றவே இல்லையாம்.

சாப்பாட்டு நேரத்தில் பெரியக்கா டப்பாவைத் திறந்துகொண்டே, “நான் எழுதி அனுப்பிட்டேன்” என்றாள்.

“என்னன்னு?”

“எட்டு மணி நேரம் நின்னுக்கிட்டே பெட்டி ஒட்ட முடியல, முட்டி வலி உயிர் போகுது, ஒரு ஸ்டூல் குடுங்க, கேட்டா சூப்பர்வைசர் கத்துறாருன்னு.”

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. போன வருடம் இப்படி வாய் திறந்த ஒருவரைக் குளிர்கிடங்குக்கு மாற்றினார்கள். மூன்றே மாதத்தில் அவராகவே வேலையை விட்டுப் போனார். அக்காவின் முட்டி அங்கே மூன்று நாள் தாங்காது. அவள் ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது.

“பேரு கேட்காதுன்னு சொன்னாங்களே!”

“பேரு எதுக்குக்கா? வீடு வரைக்கும் வழி சொல்லியாச்சு. கதவுல பேரு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?”

அக்கா டப்பாவை மூடிவிட்டாள். அப்போதுதான் லாரியில் பெட்டி ஏற்றும் மீசைக்காரர் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “ஆப்புல எழுத இன்னிக்கு அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்குல்ல? எல்லாருமே அக்கா ஆயிடுவோம்.”

முதலில் அவரே மீசையை முறுக்கிக்கொண்டு ‘பெண், ஐம்பதுக்கு மேல்’ என்று அழுத்தினார். ஐந்து மணிக்குள் சூப்பர்வைசரைத் தவிர எங்கள் எல்லோருக்கும் வயதாகி, முட்டியும் வலித்தது.

திங்கட்கிழமை கூட்டம். பெரிய மேனேஜரும் வந்திருந்தார். திரையில் ரிப்போர்ட்டைப் பார்த்த மேடத்தின் முகத்தைக் காணக் கண் கோடி வேண்டும்.

“பேக்கிங்ல... இருபத்திரண்டு பேருமே ஐம்பதைத் தாண்டின பெண்கள். இருபத்தோரு பேர் ஸ்டூல் கேட்டிருக்கீங்க. ஒருத்தர் மட்டும் வேற எழுதியிருக்கீங்க.” தயங்கித் தயங்கிப் படித்தார்: “‘பெரிய மேனேஜர் போடற டார்கெட் மனுஷனால முடியாதது. அவர்கிட்ட அதைச் சொல்ல இங்க யாருக்கும் தைரியம் இல்ல. எனக்கும் இல்ல.’”

ஸ்டூல் கேட்ட இருபத்தோரு பேரும் யார் என்று எங்களுக்குத் தெரியும். மிச்சம் ஒரே ஆள், எங்கள் திட்டத்தை எப்படியோ மோப்பம் பிடித்து அதற்குள் ஒளிந்துகொண்டவர். எங்களைத் தினமும் கத்திக் கத்தியே கொல்லும் சூப்பர்வைசர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேனேஜருக்கு வேறு கணக்கு. “ஸ்டூல் கேட்டதெல்லாம் விளையாட்டுக்கு. தனியா எழுதினதுதான் நிஜமான ஆள். இங்க நிஜமாவே ஐம்பது தாண்டின பெண் யாரு?”

அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“நாளையிலேருந்து நீங்க குளிர்கிடங்கு.”

அக்கா சூப்பர்வைசரை ஒருமுறை பார்த்தாள். சொல்லித் தொலையேன் என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது. அவள் சொல்லவில்லை. “சரிங்க சார்” என்றாள். எனக்கு அவள்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல, கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. சூப்பர்வைசர் எழுந்து நின்றிருந்தார்.

“அந்த ஐம்பது வயசுப் பொம்பளை நான்தான் சார்” என்றார்.

ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை.