நடு ரவுட்டர்

மூன்றாவது தடவையாகப் பரீட்சை எழுத வருகிறவனை அந்தக் கூடத்து நாற்காலிக்குக்கூட அடையாளம் தெரிந்திருக்கும். அவனுக்கு அதே மூலைதான் கிடைத்தது. பிடரியில் காற்றடிக்கும் அதே ஏசி, எதிரே அதே வெள்ளைச் சுவர்.

ஆபீஸில் அவனை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நெட்வொர்க்கில் படுத்துவிட்ட ரவுட்டர் எதுவானாலும் எழுப்பி உட்காரவைத்துவிடுவான் என்பதால் வந்த பட்டம். பட்டம் இருந்து என்ன செய்ய, இந்தப் பரீட்சை தரும் சான்றிதழ் இல்லையே. சான்றிதழ் இல்லாத யாரும் தன் நெட்வொர்க்கில் கை வைக்கக் கூடாது என்று புது வாடிக்கையாளர் கறாராகச் சொல்லிவிட்டார். இந்தத் தடவையும் கோட்டைவிட்டால் மாதக் கடைசியோடு வேலை போய்விடும். மேனேஜர் அதை இழுத்து இழுத்துச் சொன்னார், ஆனால் சொல்லிவிட்டார்.

வேலை போனால் வாடகை வீடும் போகும். பிறகு மனைவியின் அண்ணன் வீட்டு மாடிதான் கதி. மச்சான் கெட்டவர் இல்லை. நாலு பேர் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது, “மாப்பிள்ளை இன்னும் படிச்சுக்கிட்டுத்தான் இருக்காரு” என்று சிரித்துக்கொண்டே சொல்லக்கூடியவர், அவ்வளவுதான். தெருவில் நின்றாலும் நிற்பேன், அங்கே மட்டும் போகும் பேச்சு வேண்டாம் என்று மனைவியிடம் கண்டித்துச் சொல்லியிருந்தான். அவளும் சரி என்றிருந்தாள்.

கணினியில் செய்துகாட்டும் பரீட்சை அது; காலையில் எல்லாம் தடங்கலில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. நடுவில் ஒரு பெரிய ரவுட்டர், சுற்றிலும் மற்றவை; நடு ரவுட்டருக்கும் அவை ஒவ்வொன்றுக்கும் பியரிங் என்ற இணைப்பை அமைக்க வேண்டும். பியரிங் என்பது சம்பந்தம் பேசுவது மாதிரி. இந்தப் பக்கம் அந்தப் பக்கத்தின் முகவரியையும் எண்ணையும் சொல்ல வேண்டும், அந்தப் பக்கமும் அப்படியே சொல்ல வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஆசைப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. அவன் பேசிய சம்பந்தம் ஒவ்வொன்றும் கூடிவந்தது. வழித்தடங்கள் இங்குமங்கும் பாயத் தொடங்கியதைத் திரையில் பார்த்தபோது, இந்தத் தடவை கரையேறிவிடுவோம் என்று அவன் முழுசாக நம்பினான்.

அங்கேதான் அவனுடைய நல்ல பழக்கம் அவன் காலை வாரியது.

ஆபீஸ் ரவுட்டர்கள் எங்கெங்கோ தூரத்தில் இருப்பவை. இங்கிருந்து கட்டளை அடிக்கும்போது ஒரு வரி தப்பினால் தொடர்பே அறுந்துபோகும்; ஓடிப்போய் பட்டனை அமுக்கவும் முடியாது. ஆகவே வேலையைத் தொடங்குமுன், இன்னும் சற்று நேரத்தில் நீயாகவே ரீஸ்டார்ட் ஆகிக்கொள் என்று ரவுட்டரிடம் சொல்லிவைப்பார்கள். மாற்றம் எதையும் சேமிக்க மாட்டார்கள். சொதப்பினால் அது பழைய நிலைக்கே எழுந்துவரும். சரியாக வந்தால் ரீஸ்டார்ட்டை ரத்துசெய்துவிட்டுச் சேமிப்பார்கள். ரத்து செஞ்சாச்சா, ரத்து செஞ்சாச்சா என்று போனில் கூட இருக்கும் சகா உயிரை எடுப்பான்.

பரீட்சைக்கூடத்தில் சகா ஏது? நடு ரவுட்டரைத் தொட்டதுமே விரல்கள் தாமாக அந்த ரீஸ்டார்ட் கட்டளையை அடித்திருந்தன. மனசுக்குச் சொல்லிக்கொள்ளவே இல்லை. ரவுட்டர் கடமை தவறாமல் எச்சரிக்கையும் போட்டது. எச்சரிக்கை வந்த ஜன்னல் கணினித் திரையில் மற்ற ரவுட்டர்களின் ஜன்னல்களுக்குப் பின்னால் கிடந்தது. அவன் வேறொரு ரவுட்டரில் தலையை விட்டுக்கொண்டிருந்தான்.

பியரிங்குகள் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்து விழுந்தன. முதலில் கேள்வியிலேயே ஏதோ பொறி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தான். நடு ரவுட்டரின் ஜன்னலை முன்னால் இழுத்துப் பார்த்தபோதுதான், ரத்துசெய்யாத ரீஸ்டார்ட் நடந்து முடிந்திருந்தது தெரிந்தது. சேமிக்காததெல்லாம் போய், ரவுட்டர் காலையில் இருந்தபடியே, எதுவும் தெரியாத பச்சைக்குழந்தையாக எழுந்து உட்கார்ந்திருந்தது.

திரும்பவும் அடித்தான். தெரியாத வேலையா? தெரியும், எல்லாம் தெரியும். நேரம்தான் இல்லை. பாதி சம்பந்தம்கூடத் திரும்பக் கூடிவருவதற்குள் திரை பூட்டிக்கொண்டது.

கண்காணிப்பாளர் அம்மா பக்கத்தில் வந்து, கீபோர்டிலிருந்து கையை எடுக்கச் சொன்னாள். அவன் முகத்தைப் பார்த்து என்ன ஆயிற்று என்று கேட்டாள். பைத்தியக்காரன் மாதிரி அவளிடம் போய் எல்லாவற்றையும் சொன்னான்.

“நல்ல பழக்கம்தானே சார் அது?” என்றாள் அவள். கேலியில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாள்.

வெளியே படிக்கட்டில் மனைவி உட்கார்ந்திருந்தாள். போன இரண்டு தடவையும் என்ன கேட்டாங்க, எப்படி எழுதினீங்க என்று துளைத்தெடுத்தவள், இந்தத் தடவை ஒன்றும் கேட்காமல் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவன் குடித்தான். முடிவு வர நாளாகும், நாம காத்திருக்க வேண்டாம், ஃபெயில்னு தெரிஞ்சுபோச்சு என்றான்.

அவள் அழவில்லை. பாட்டிலை வாங்கி மூடியைத் திருகி மூடினாள்.

“போன வாரமே அண்ணன்கிட்ட சொல்லி வெச்சிட்டேங்க. மாடி ரூம ஒழிச்சு வெள்ளையடிச்சு வெச்சிருக்காரு. நீங்க பாஸ் பண்ணியிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன். உங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது.”

அவனுக்குச் சுருக்கென்றது. அப்படியானால் காலையில் நெற்றியில் விழுந்த முடியைச் சரிசெய்து, தைரியமா போய்ட்டு வாங்க என்று அனுப்பியபோதே அந்த அறையில் சுண்ணாம்பு காய்ந்துகொண்டிருந்திருக்கிறது. கோபப்படப் பார்த்தான். இவளை என்ன குறை சொல்வது என்று யோசித்தால் ஒன்றுகூட அகப்படவில்லை.

“ஜன்னல் இருக்கா அந்த ரூம்ல?” என்று கேட்டான்.

“ஒண்ணு இருக்கு” என்றாள் அவள்.