நாலு விரற்கடை இடைவெளி

ஒரு தம்பியின் விலை நூற்றெழுபத்தாறு மீட்டர் துணி. ஒன்பது வருஷத்துக்கு முன் கடையில் சரக்குக் கணக்கு எடுத்தபோது அவ்வளவு துணி குறைந்தது. ஜவுளிக் கடைக்காரர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, மேஜைக்குப் பின்னால் துணி அளந்து கிழித்துக்கொண்டிருந்த தம்பியை ஒரு பார்வை பார்த்தார். "துணிக்குக் கால் முளைச்சிருக்கு போல" என்றார். அவ்வளவுதான். தம்பி கையிலிருந்த கத்தரியை மேஜைமேல் வைத்தான், செருப்பை மாட்டினான், போனவன் போனவன்தான். பேரம் பேசியே மூன்று தலைமுறை சாப்பிட்ட குடும்பத்தில், பேரமே இல்லாமல் முடிந்த வியாபாரம் அது ஒன்றுதான்.

போன வருஷம் கடையையும் கைமாற்றிவிட்டார். சும்மா இருப்பது எப்படி என்று யாரும் அவருக்குச் சொல்லித் தந்ததில்லை. ஒரு நாள் பொம்மைக் கடை ஒன்றின் கண்ணாடிக்குள், நிஜ ரயிலில் எண்பத்தேழில் ஒரு பங்கு அளவில் ஒரு குட்டி ரயில், மலையைக் குடைந்து வெளியே வந்து, பாலம் ஏறி, மறுபடி மலைக்குள் போவதைப் பார்த்தார். விலை கேட்டார். மூன்று நாள் போய்ப் போய் பேரம் பேசினார். நாலாம் நாள், மேஜையும் மலையும் தானே செய்துகொண்டால் பாதி விலைதான் ஆகும் என்று கணக்குப் போட்டுவிட்டு வந்துவிட்டார்.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள், தண்டவாளம் எங்கே வரும், எங்கே வளையும் என்று வரைந்து பார்க்கிற மென்பொருள் ஒன்றை லேப்டாப்பில் ஏற்றிக் கொடுத்தாள். "முதல்ல ரூமோட நீள அகலம் கேக்கும்பா. அதைச் சரியா குடுத்துட்டா மீதியை அது பார்த்துக்கும்" என்றாள்.

கடையை விற்றபோது எல்லாவற்றையும் விற்றவர், ஒன்றை மட்டும் விற்கவில்லை. இரண்டு முனையையும் மூடிப் பித்தளைப் பூண் போட்ட மீட்டர் கோல். பீரோவுக்குப் பின்னாலிருந்து அதை எடுத்து, துணி அளக்கிற வேகத்திலேயே சுவரை அளந்தார். நீளம் நாலரை மீட்டர், அகலம் மூன்று. லேப்டாப்பில் தட்டினார். திரையில் வெறும் அறை ஒன்று விரிந்தது.

அதற்குப் பிறகு ஒரு மாதம் அவருக்கும் அந்த மென்பொருளுக்கும் நடந்தது குடித்தனம் என்றுதான் சொல்ல வேண்டும். வளைவு, நேர், பிரியும் தடம் என்று ஒவ்வொரு துண்டாக இழுத்துப் போடுவார். இரண்டு முனையும் சேர்ந்தால் பச்சைப் புள்ளி. சேராவிட்டால் சிவப்பு வட்டம். ஸ்டேஷனைச் சுற்றி வந்த தடம் கடைசியில் ஒரு மில்லிமீட்டர் தள்ளி நின்றது.

"ஒரு மில்லிமீட்டர்தானேப்பா, விட்டுக்குடேன்" என்று திரையிடம் கேட்டார்.

"அது என்ன உங்க மில்லு ஏஜென்டா, ஒரு டீ வாங்கிக் குடுத்தா இறங்கி வர?" என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே.

திரையின் மூலையில் சாமான் விலை கூடிக்கொண்டே வந்தது. கூட்ஸ் வண்டி நிற்கும் தடத்தில் ஒன்றை எடுத்துவிட்டால் உடனே இறங்கியது. கெஞ்சாமல், கோபித்துக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பாமல், விலை தானாக இறங்குவது அவருக்கு ருசிக்கவே இல்லை. எடுத்த தடத்தைத் திரும்ப வைத்தார். கோபப்படாத, மயங்காத, இறங்காத ஒரு ஆளோடு அவர் இதுவரை வியாபாரம் செய்ததில்லை. ஆனாலும் மாதக் கடைசியில் எல்லாப் புள்ளியும் பச்சை. சுவரிலிருந்து சுவர்வரை முட்டும் மூன்று மேஜை, ஒவ்வொன்றும் ஒன்றரை மீட்டர்.

அச்செடுத்த தாள்களைப் பார்த்த தச்சர் காதில் செருகிய பென்சிலை எடுத்தார். "ரூமை ஒரு தடவை நானும் அளந்துக்கறேன் முதலாளி."

"எதுக்கு? கம்ப்யூட்டர் மில்லிமீட்டர் சுத்தமா குடுத்திருக்கு. அதுல இருக்கறபடி செய்ங்க போதும்."

பத்து நாளில் மேஜைகள் வந்தன. இடது சுவரில் ஒட்டி ஒன்று, அதோடு ஒட்டி இன்னொன்று, மூன்றாவதையும் தள்ளி நிறுத்தினார்கள். வலது சுவருக்கும் மேஜைக்கும் நடுவே இடைவெளி விழுந்தது. கடைக்காரர் கையை விட்டுப் பார்த்தார். நாலு விரல் தாராளமாகப் போயிற்று. மூன்று மேஜை, நல்ல ஒட்டுப்பலகை, நாலு விரல் அகலத்துக்கு மிச்சம் பிடித்தால் இந்தத் தச்சருக்கு ஒரு அலமாரித் தட்டு தேறும் என்று மனசு கணக்குப் போட்டு முடித்துவிட்டது.

"பலகைக்குக் கால் முளைச்சிருக்கு போல" என்றார்.

வாசல்படியில் நின்ற மனைவி, "இந்த வார்த்தையை நான் ஏற்கெனவே ஒரு தடவை கேட்டிருக்கேன்" என்றாள்.

தச்சர் இடுப்பிலிருந்த டேப்பை உருவினார். மேஜை ஒவ்வொன்றும் ஒன்றரை மீட்டர், ஒரு நூல் கூடவில்லை, குறையவில்லை. பிறகு சுவரை அளந்தார். "நானூத்தி அம்பத்தேழு சென்டிமீட்டர், ரெண்டு கோடு கூட. ரூம்தான் வளர்ந்திருக்கு முதலாளி. எதை வெச்சு அளந்தீங்க?"

கோல் வந்தது. தச்சர் அதைத் தரையில் கிடத்தி, பக்கத்தில் டேப்பைப் போட்டார். டேப்பில் ஒரு மீட்டர் முடிந்த பிறகும் கோல் முடியவில்லை. ஒன்றரை சென்டிமீட்டருக்கும் மேலே ஒரு கோடு தாண்டிப் போய்த்தான் நின்றது.

"குறைச்சு வெச்ச கடைக்காரங்களை நிறையப் பார்த்திருக்கேன். கூட வெச்சவர் நீங்கதான் முதல்" என்றார் தச்சர். கேலியா மரியாதையா என்று முகத்தில் தெரியவில்லை.

பூண் கடைக்காரரே போட்டது. பழைய தகரப் பூண் தேய்ந்து கழன்றபோது, கடைக்கு ஒரு லட்சணம் வேண்டாமா என்று, பாத்திரம் வார்க்கிறவரிடம் சொல்லி கனமான பித்தளையில் வார்த்து வாங்கினார். ஒவ்வொரு பூணின் அடியும் எட்டு மில்லிமீட்டர் தடிப்பு. தேய்ந்த கோலைச் சரிசெய்தோம் என்று திருப்தியாக இருந்தார். துணி வாங்கினவர் யாரும் வாய் திறக்கவில்லை. அளவு குறைந்தால் ஊரே வந்து நிற்கும்; கூடினால் எவன் வந்து சொல்லப்போகிறான்? "அந்தக் கடையில எடுத்தா ஒரு காலருக்குத் துணி மிஞ்சும்" என்று தையல்காரர்கள் ஆள் அனுப்பினார்கள். அவர் அதைத் தன் கைராசி என்று நினைத்துக்கொண்டார்.

பூண் போட்ட அதே வருஷம்தான் அந்தச் சரக்குக் கணக்கு. கோல் பிடித்து அளந்து விற்றது பதினோராயிரம் மீட்டர். மீட்டருக்குப் பதினாறு மில்லிமீட்டர் வீதம் மனசுக்குள்ளேயே பெருக்கினார். நூற்றெழுபத்தாறு. ஒரு விரல்கூடப் பிசகவில்லை.

"நாலு விரலுக்கு ஒரு பட்டை வெச்சு அடிச்சுடறேன். மேலே மலை வரப்போகுது, வெளியே தெரியாது" என்றார் தச்சர்.

கடைக்காரர் பேசிய கூலியை முழுசாக எண்ணிக் கொடுத்தார். தச்சருக்குப் பயமாகிவிட்டது. "நான் ஏதும் தப்பா சொல்லிட்டேனா?"

"சொன்னது நான். மனசுல வெச்சுக்காதீங்க. அந்த டேப்பை மட்டும் நாளைக்குத் தரேன்."

உள்ளறையில் பழைய கணக்குப் புத்தகத்தை எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டார். முதலில் நெஞ்சு லேசாகத்தான் இருந்தது. தம்பி எடுக்கவில்லை, தானும் பொய் சொல்லவில்லை, கோல் செய்த வேலை. யாருக்கும் நஷ்டமில்லாத தீர்ப்பு. அந்தச் சந்தோஷத்தில் அடுத்த பக்கத்தையும் புரட்டிவிட்டார்.

அடுத்த வருஷம். தம்பி இல்லாத வருஷம். குறைவு நூற்றெழுபத்தொரு மீட்டர். எதிரே அவருடைய கையெழுத்திலேயே காரணம்: எலி, ஈரம், வெட்டுக்கழிவு. அதற்கடுத்த வருஷம் நூற்றெண்பது. எலி, ஈரம், வெட்டுக்கழிவு. அதற்குப் பிறகு காரணம் எழுதக்கூட அலுத்துப்போய், "வழக்கம்போல்" என்று மட்டும்.

எந்த எலி வருஷா வருஷம் அளந்து தின்னும்? இந்தக் கேள்வி அன்றைக்கே வந்திருக்க வேண்டும். வந்ததோ என்னவோ. வந்திருந்தால் மூன்று தெரு நடந்துபோய்த் தம்பி வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியிருந்திருக்கும். எலி என்று எழுதுவதற்கு நடக்க வேண்டியதில்லை.

புத்தகத்தை மூடினார். கோலையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"புத்தகம்?" என்றாள் மனைவி.

"அது எதுக்கு, கனம்."

"கோல் மட்டும் லேசா இருக்காக்கும்" என்றாள். அவர் காதில் விழாத மாதிரி படியிறங்கினார்.

தம்பியின் கடை, ஒரு ஆள் நின்றால் இன்னொரு ஆள் வெளியே நிற்க வேண்டிய கடை. பொத்தான், ஊசி, நூல்கண்டு, ஜிப்பு. தம்பி பன்னிரண்டு பன்னிரண்டாகப் பொத்தான்களை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டிருந்தான். காதோரம் நரைத்திருந்தது.

"வாங்க. என்ன வேணும்?" என்றான். யார் வந்தாலும் சொல்கிற வாங்க.

கடைக்காரர் கோலையும் டேப்பையும் கண்ணாடி மேஜைமேல் வைத்தார். "அளந்து பாரு."

"இங்க அளந்து குடுக்கற சாமானே கிடையாதுண்ணே. எல்லாம் எண்ணிக் குடுக்கறதுதான்."

அண்ணே என்று சொன்னானே, அதுவே போதுமாக இருந்தது அவருக்கு. தம்பி கையைத் துடைத்துக்கொண்டு டேப்பைக் கோல்மேல் ஓட்டினான். முனையில் நிறுத்தினான். மறுபடி ஓட்டினான்.

"பூணா?"

"பூண்தான். நான் போட்டது. ரயில் விட மேஜை செஞ்சேன், சுவரோட சேரலை. அதுல வெளியே வந்துது."

"ரயிலா?"

"பொம்மை ரயில். கம்ப்யூட்டர்ல படம் போட்டு."

"பேரம் பேசாம கம்ப்யூட்டர் எப்படித் தப்பிச்சுது?" தம்பியின் வாயோரம் கொஞ்சம் அசைந்தது.

கடைக்காரருக்குத் தைரியம் வந்தது. "கோல்தான்டா எல்லாம் பண்ணினது. நீயுமில்ல, நானுமில்ல."

தம்பி பொத்தான் எண்ணப் போய்விட்டான். பன்னிரண்டு வரை எண்ணி, பையை முடிந்து ஓரமாக வைத்தான்.

"நான் போனதுக்கு அடுத்த வருஷம் கணக்கு எடுத்தீங்களா?"

"எடுத்தேன்."

"சரியா வந்துச்சா?"

பதில்கள் அவர் மனசில் வரிசையாக வந்தன. ஞாபகமில்லை என்பது ஒன்று. புத்தகம் எங்கேயோ போயிற்று என்பது ஒன்று. அந்த வருஷம் விற்பனையே கம்மி என்பது இன்னொன்று. எல்லாமே விலைபோகக்கூடிய சரக்குதான். இதைவிட மட்டமானதை அவர் சிரித்த முகத்தோடு விற்றிருக்கிறார். ஆனால் தம்பி, திரையில் சிவப்பு வட்டம் நிற்குமே, அந்த மாதிரி நின்றான். கோபமில்லை, அவசரமில்லை, ஒரு மில்லிமீட்டர் இறங்குகிற உத்தேசமும் இல்லை.

"நூத்தி எழுபத்தொண்ணு குறைஞ்சுது" என்றார்.

"அதுக்கடுத்த வருஷம்?"

"நூத்தி எண்பது."

"எத்தனை வருஷம் இப்படி?"

"கடையை விக்கிற வரைக்கும். எட்டு வருஷம்."

"யார் பேர்ல எழுதினீங்க?"

"எலி பேர்ல."

தம்பி டேப்பைச் சுருட்டிக் கோலுக்குப் பக்கத்தில் வைத்தான். பிறகு மேஜைக்கு அடியிலிருந்த முக்காலியைக் காலால் வெளியே தள்ளினான். அண்ணன் உட்கார்ந்தார். பொத்தான் அட்டை ஒன்றைக் கிழித்து, அதன் வெள்ளைப் பக்கத்தில் பென்சிலால் இரண்டு வரி எழுதி, அவர் பக்கமாகத் திருப்பி வைத்தான்.

"கூட்டிப் பாருங்க. தப்பிருந்தா சொல்லுங்க."

வழக்கம்போல் அவர் தப்பைத்தான் தேடினார். ஒன்றுக்கு இரண்டு தடவை படித்தார்.

கோல் கணக்கில் ஒரு வருஷம்: தீர்ந்தது.
அண்ணன் கணக்கில் எட்டு வருஷம்: பாக்கி.