கை மாறிய கட்டு

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு, தன் கேஸ் கட்டு டோபியின் மேசைமேல் கிடப்பதை ரோவீனா பார்த்தாள். திங்கட்கிழமை விசாரணை. டோபி அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

“இது எப்படி இங்க வந்துச்சு?”

“டெரிக் குடுத்தாரு. உங்களுக்கு உடம்பு சரியில்லைன்னு சொன்னாரே.” டோபி பாரிஸ்டராகி, அதாவது நீதிமன்றத்தில் வாதாடும் வக்கீலாகி, ஒன்றரை வருஷம்தான். முகம் வெளுத்திருந்தது.

அது ஷெரில் பாண்டின் கேஸ். முதியோர் இல்லத்தில் சமையல் வேலை பார்த்தவள். கூட வாழ்ந்தவனைக் கத்தியால் குத்தியதாகப் பதிமூன்று மாதமாகச் சிறையில் இருக்கிறாள். ரோவீனா நான்கு முறை போய்ப் பார்த்தும் வாய் திறக்கவில்லை. ஐந்தாம் முறைதான் அவன் தன் கழுத்தை நெரித்ததைச் சொன்னாள். “இத இன்னொரு வக்கீல்கிட்ட முதல்லேருந்து சொல்ல வெச்சிராதீங்க” என்றாள். ரோவீனா வாக்குக் கொடுத்திருந்தாள்.

டெரிக், பாரிஸ்டர்கள் சேர்ந்து நடத்தும் அலுவலகமான சேம்பரின் தலைமைக் குமாஸ்தா. 1950களில் ஆறு பாரிஸ்டர்கள் லண்டனில் வக்கீல்கள் நிறைந்த டெம்பிள் பகுதியில் இரண்டு அறை பிடித்து ஆரம்பித்தபோது அவருடைய அப்பாதான் குமாஸ்தா. இப்போது முப்பத்தெட்டு பேர். பேருக்குத்தான் பாரிஸ்டர்கள் முதலாளிகள். எந்தக் கட்டு யார் கைக்குப் போவது என்பதை அன்று அப்பா தீர்மானித்தார், இன்று மகன். முதன்முதலில் சேர்ந்த பெண்ணுக்குக் கடைத் திருட்டு கேஸ்களாகவே கொடுத்து, நாலே வருஷத்தில் தொழிலை விட்டு ஓட வைத்ததை டெரிக் இன்னமும் விருந்துகளில் வேடிக்கைக் கதையாகச் சொல்வார்.

“எனக்கு என்ன வியாதி, டெரிக்?” ரோவீனா குமாஸ்தாக்கள் அறைக்குப் போய்க் கேட்டாள்.

அவர் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “கோவிச்சுக்காதீங்க மிஸ். பெரிய மோசடி கேஸ் ஒண்ணு வந்திருக்கு, மூணு மாசம் ஓடும். உங்களத்தான் கேக்குறாங்க. கத்திக்குத்து தினம் வரும்.”

“ஷெரிலோட சொலிசிட்டர்கிட்டயும் எனக்குக் காய்ச்சல்னு சொல்லியாச்சா?”

“சொல்லாம? உங்க நல்லதுக்குத்தானே.”

“நீங்க என் குமாஸ்தா டெரிக். நான் உங்க குமாஸ்தா இல்ல.”

அறையில் இருந்த நான்கு இளைய குமாஸ்தாக்களும் தட்டச்சு செய்வதை நிறுத்தினார்கள். டெரிக்கின் காது சிவந்தது. “அப்படியா மிஸ்? அப்ப இனிமே உங்க கேஸ நீங்களே தேடிக்கலாம்.”

சேம்பரின் தலைவர் கிரஹாம் அவளை நாற்காலியில் உட்கார வைத்து, “அவன் இல்லேன்னா நமக்கெல்லாம் வேலை ஏதும்மா? கொஞ்சம் விட்டுக்குடு” என்றார். நீங்கள் பயப்படுகிறீர்கள் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னாள். எழுந்து, அவர் முன்னாலேயே, ஷெரிலுக்காகத் தன்னிடம் கேஸைக் கொடுத்த சொலிசிட்டர் நசீமைப் போனில் கூப்பிட்டாள்.

“எனக்கு ஒண்ணுமில்ல நசீம். திங்கட்கிழமை நான்தான் வரேன். உங்ககிட்ட சொன்னது பொய்.”

“ஷெரிலுக்கு மத்தியானமே சொல்லிட்டேன். அழக்கூட இல்ல. ‘தெரியும்’னு மட்டும் சொன்னா.”

ரோவீனா டோபியிடமிருந்து கட்டை வாங்கிக்கொண்டு போய், சனி, ஞாயிறு இரண்டு நாளும் முதலிலிருந்து படித்தாள்.

திங்களன்று நீதிமன்றத்தின் கீழ்த்தளச் சிறையறையில் ரோவீனாவைப் பார்த்ததும் ஷெரில் எழுந்திருக்கவில்லை. “காய்ச்சல் சரியாயிடுச்சா?” என்று கேட்டாள்.

“காய்ச்சலே வரல. உன் கேஸ என்னைக் கேக்காம வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. திரும்ப வாங்கிட்டேன்.”

ஷெரில் நம்பியதாகத் தெரியவில்லை. ஆனாலும் மூன்றாம் நாள் சாட்சிக் கூண்டில் ஏறி, கழுத்தை நெரித்ததை ஜூரிமுன் முழுதாகச் சொன்னாள். ஏழாம் நாள் விடுதலை. நன்றி சொல்லவில்லை, பேருந்து எங்கே நிற்கும் என்று நசீமிடம் கேட்டுக்கொண்டு போனாள். பதிமூன்று மாதத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதன்பிறகு ஆறு வாரம் ரோவீனாவுக்கு வந்த கேஸ் எல்லாம் தூரத்து ஊர்களில், அரை மணி நேர வாய்தாக்கள். சேம்பரின் ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து, பாரிஸ்டர் சம்மதம் எழுதிக் கொடுக்காமல் குமாஸ்தா கட்டைக் கைமாற்றக் கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தாள். டோபி கையைத் தூக்கினான். இன்னும் பன்னிரண்டு பேர் தூக்கினார்கள். மற்றவர்கள் கிரஹாமைப் பார்த்தார்கள், அவர் மேசையைப் பார்த்தார்.

தோற்றவள் அன்றே ராஜினாமாக் கடிதம் எழுதினாள். டெரிக் பொய் சொன்ன தேதி, நேரம், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் அதில் வரிசையாக எழுதி, முப்பத்தெட்டுப் பிரதி எடுத்து, ஒவ்வொருவர் கையிலும் தானே கொடுத்தாள். டெரிக்குக்கும் ஒன்று.