பேரை எழுதுங்க

ஷர்லியின் குரலுக்குப் பீட்டர் போட்ட விலை நூற்றைம்பது ரூபாய். ஆளுக்கு ஒரு நாற்காலி, பதினான்கு பாட்டு.

"நூத்தி அம்பதா?" என்றான் சேவுகன். திருவரங்குளத்தில் சேர், பந்தல், மைக்செட் மூன்றையும் வாடகைக்கு விடுகிறவன் அவன். யார் வீட்டு விசேஷமானாலும் முதல் ஆளாக வந்து கடைசி ஆளாகப் போகிறவன். "மாப்ள, அந்தக் காசுக்கு அரைக் கிலோ கோழி வாங்கிறலாம். கோழியத் திங்கலாம். பாட்டை வாங்கி என்ன பண்றது?"

"கேக்குறது."

"அதான் சும்மா கெடைக்குதே. சித்திரை, வைகாசி ரெண்டு மாசமும் எந்தக் கோயில்ல கச்சேரி இல்ல? கும்பிடு போட்டா பாட்டு இனாம். நூறு போடு. வேணாம், அம்பது போடு, நானே பத்து டிக்கெட் எடுத்துக்கிறேன்."

"நூத்தி அம்பதுதான்."

பீட்டர் பேரம் பேசத் தெரியாதவன் அல்ல. இருபது வருஷமாக இன்னிசைக் குழு நடத்துகிறவன். கோயில் கமிட்டிக்காரர்கள் நாற்பதாயிரத்துக்கு ஒப்புக்கொண்டுவிட்டு, கச்சேரி முடிந்ததும், கரண்ட் போனதற்கு இவ்வளவு, தூறல் விழுந்ததற்கு இவ்வளவு என்று கழித்துக் கழித்து முப்பத்திரண்டில் வந்து நிற்பார்கள். முப்பது என்றாலும் வந்திருப்பேன் என்பதை முகத்தில் காட்டாமல், செத்த வீட்டுக்காரன்போல அதை வாங்கிப் பையில் வைக்கத் தெரிந்தவன் அவன். அப்படிப்பட்டவன் இந்த ஒரு விலையில் மட்டும் ஒரு ரூபாய் இறங்க மாட்டேன் என்று நின்றான்.

காரணம் அவன் மனைவி ஷர்லியின் தொண்டையில் இருந்தது. தைராய்டுக் கட்டி. எடுத்தே ஆகவேண்டும், தள்ளிப்போட முடியாது என்று திருச்சி டாக்டர் சொல்லிவிட்டார். குரலுக்குப் போகிற நரம்பு அதை ஒட்டியே ஓடுகிறதாம். "பேசறதுக்கு ஒண்ணும் ஆகாதும்மா. பாடறதுக்கு நான் உத்தரவாதம் தர முடியாது" என்றார். ஷர்லி கேட்டது ஒன்றுதான்: "என்னைக்கு வரணும் டாக்டர்?"

திரும்பி வரும் பஸ்ஸில், கீரனூர் தாண்டும்போது அவள் சொன்னாள்.

"இருவது வருசம் பாடியாச்சு. எனக்குன்னு வந்து யாரும் கேட்டதில்லைங்க."

"என்ன புள்ள இப்புடிச் சொல்ற? எத்தன ஆயிரம் பேரு ஒன் பாட்டுக்கு..."

"அது மாரியம்மனுக்கு வந்த கூட்டம். இல்லாட்டி அந்தோணியாருக்கு வந்த கூட்டம். சாமி கெளம்பிருச்சுன்னா நான் சரணத்துல இருக்கும்போதே எந்திரிச்சுப் போயிரும். நான் நடுவுல விக்கிற சுண்டல்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பீட்டருக்குச் சிரிப்பு வரவில்லை. புதுக்கோட்டையில் இறங்குவதற்குள் அவன் முடிவு கட்டிவிட்டான். சாமி இல்லாமல், தேர் இல்லாமல், கல்யாண வீடு இல்லாமல் ஒரு கச்சேரி. வருகிறவன் ஷர்லிக்காக மட்டும் வரவேண்டும். இனாம் என்றால் காற்று வாங்க வந்தவனும் உட்காருவான், பெண்டாட்டியோடு சண்டை போட்டு வந்தவனும் உட்காருவான். காசு கொடுத்து உட்கார்ந்தவன்தான் அவளுக்காக வந்தவன். ஆபரேஷன் செவ்வாய்க்கிழமை என்றால், அதற்கு முந்தின ஞாயிறு கச்சேரி.

முந்நூறு டிக்கெட் அடித்தான். இரண்டு வாரத்தில் விற்றது முப்பத்தொன்று.

ஊரைக் குறை சொல்லவும் முடியாது. மே மாசம். "பகலெல்லாம் வெயில்ல வெந்துட்டு, பொழுது சாஞ்சா ஃபேனுக்கு அடியில கெடக்குறதா, பொட்டல்ல வந்து உக்கார்றதா, நீயே சொல்லு" என்றார்கள். அன்றைக்கு முகூர்த்தம் என்றார்கள். கிரிக்கெட் இருக்கிறது என்றார்கள். "போன்ல ஏத்தி விடுங்க, படுத்துக்கிட்டே கேக்குறோம்" என்றான் ஒருவன், அதுவும் ஏதோ ஒத்தாசை செய்கிறவன் மாதிரி. விவரமானவர்கள் ஒன்றுமே சொல்லாமல் சிரித்தார்கள். கடைசி நேரத்தில் எப்படியும் ஐம்பதுக்கு இறங்குவான், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்கிற சிரிப்பு அது. பீட்டர் தன் வாழ்நாளில் எத்தனையோ கடையில் சிரித்த சிரிப்பு.

கடைசி மூன்று நாளில் அவன் பேச்சை மாற்றினான். டீக்கடையிலும் ரேஷன் கடையிலும் நின்று, பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னான்: "ஷர்லிக்கு செவ்வாக்கெழம ஆபரேஷனுங்க. ஞாயித்துக்கெழம சாயங்காலம் சந்தைத் திடல்ல கச்சேரி வச்சிருக்கேன். டிக்கெட்டுகூட இப்ப வாங்க வேணாம். வந்து பேரை எழுதுங்க, அது போதும்."

பேரை எதற்கு எழுதச் சொன்னான் என்பது அவனுக்கு மட்டும் தெரிந்த ரகசியம். அவளுக்காகவே வந்தவர்களின் பெயர்களை ஒரு நோட்டில் வாங்கி, ஆபரேஷன் முடிந்து கண் விழிக்கும்போது அவள் கையில் கொடுக்கவேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு அதை யாரிடமும் சொல்லவில்லை.

'பேரை எழுதுங்க' என்பது, திருவரங்குளம், ஆலங்குடிப் பக்கத்து ஆள் சொல்லக்கூடிய வார்த்தையா? ஒரு வீட்டில் பெரிய செலவு வந்துவிட்டால் மொய் விருந்து வைப்பது அங்கே வழக்கம். ஆடி மாசம் பந்தல் போட்டுக் கறிச்சோறு போடுவார்கள். சாப்பிட்டவர்கள் ஐநூறோ ஆயிரமோ கொடுத்து நோட்டில் பேரை எழுதிவிட்டுப் போவார்கள். அவர்கள் வீட்டில் விருந்து வரும்போது அதைக் குறையாமல் திருப்பிச் செய்யவேண்டும். அந்த வட்டாரத்தில் பேரை எழுதுவது என்றால் இது ஒன்றுதான். பீட்டருக்குத் தெரியாதா? அவன் குழுவின் கீபோர்டே ஒரு மொய் விருந்துக் காசில் வாங்கியதுதான். ஆனால் மனசு வேறு எங்கோ கிடக்கும்போது, வாய் என்ன சொல்கிறது என்று காது கேட்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கும் திடல் தோசைக்கல்லாக இருந்தது. சேவுகன் முந்நூறு நாற்காலிகளை வரிசை பிடித்துவிட்டு, வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்தான். எத்தனையோ வீட்டு மொய் நோட்டு எழுதிய கை. பக்கத்தில் ஒரு எவர்சில்வர் அண்டாவை வைத்தான். நோட்டைப் பிரித்து, வழக்கமாகப் பிள்ளையார் சுழி போடும் இடத்தில் சின்னதாகச் சிலுவை போட்டான். பேர், ஊர், ரூபாய் என்று மூன்று கட்டம் கிழித்தான்.

"ரூபாய்க்கு எதுக்குடா கட்டம்? எல்லாருக்கும் நூத்தி அம்பதுதானே?"

"இருக்கட்டும் மாப்ள, கை பழகிப் போச்சு."

ஆறு மணிக்கு மோட்டார் சைக்கிள்கள் வரத் தொடங்கின. மேடைக்குப் பின்னால், தட்டி மறைப்பில், ஷர்லி நீலப் பட்டுப்புடவையில் உட்கார்ந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தாள். பீட்டர் வாசலுக்கு ஓடுவதும் அவளிடம் ஓடி வருவதுமாக இருந்தான்.

"நாப்பத்தாறு பேரு."

கொஞ்ச நேரம் கழித்து, மூச்சு வாங்க, "தொண்ணூறு! சேவுகன் நோட்டுல பக்கம் தீரத் தீர எழுதுறான்."

"எனக்கா?" என்றாள் ஷர்லி.

"ஒனக்குத்தான் புள்ள. வேற யாருக்கு? இங்க சாமியா இருக்கு?"

அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். பெண் பார்க்கப் போன அன்றைக்குத்தான் அவள் அப்படிச் செய்து பீட்டர் பார்த்திருந்தான்.

ஆறரைக்கு அவள் மேடையேறினாள். வெளிச்சத்தில் வெள்ளை நாற்காலிகள் தெரிந்தன. நாற்காலிகள்தான் தெரிந்தன. முன்வரிசையில் மூன்று நான்கு பேர், நடுவில் ஒரு குடும்பம், ஓரத்தில் சேவுகனின் ஆட்கள் சிலர். வந்தவர்கள் டீ குடிக்கப் போயிருப்பார்கள் என்று நினைத்துப் பீட்டர் வாசலுக்கு ஓடினான். பின்னால் முதல் பாட்டு ஆரம்பித்தது.

மேஜையில் சோலையப்பன் நின்றிருந்தார். உரக்கடை வைத்திருப்பவர். இரண்டு ஐநூறு ரூபாய்த் தாள்களைச் சேவுகனிடம் நீட்டினார்.

"எழுதுப்பா. பீட்டரு எங்க வீட்டுல எழுதின பழசு ஐநூறு கழிஞ்சுச்சு. மேல ஐநூறு புதுசு." பீட்டரைப் பார்த்ததும் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, ஆடி வரைக்கும் பொறுக்க முடியாத செலவுதான், புரியுது. பத்தலன்னா மேல சொல்லு."

பீட்டர் அவர் கையை விடாமல் திடல் பக்கம் இழுத்தான். "அண்ணே, இது மொய் இல்லண்ணே. கச்சேரி. உள்ள உக்காந்து பாட்டுக் கேளுங்க."

"அட, இதுல என்னப்பா வெக்கம்? ஊருல இல்லாததா? சாப்பாடு வைக்கலன்னு நெனச்சுக்கிட்டுச் சங்கடப்படாத. ஆசுபத்திரி செலவு நேரத்துல ஒனக்கு ஆடு வெட்டுற செலவு வேறயான்னுதான் எல்லாரும் எழுதிட்டு அப்புடியே கெளம்புறோம்."

"சாப்பாடு கெடக்கட்டும்ணே. ஒரே ஒரு பாட்டு. அவ பாடுறா பாருங்க, கேக்குதுல்ல?"

"கேக்குது, கேக்குது. நல்லாத்தான் பாடுது" என்று சொல்லிக்கொண்டே வண்டியை உதைத்தார்.

அவருக்குப் பின்னால் ராக்காயி. சந்தையில் காய்க்கடை போடுகிறவள். இருநூறு ரூபாயை அண்டாவில் போட்டுவிட்டுப் பீட்டரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏந்தம்பி, ஒனக்கு ஈவு எரக்கம் இருக்கா? தொண்டையில கட்டிய வச்சுக்கிட்டு நிக்கிற புள்ளையப் பாட வேற விட்டிருக்க! காசு வாங்குறதுக்கு அதுவா பாடணும்? நோட்டை மட்டும் போட்டிருந்தா நாங்க எழுத மாட்டமா?"

"அக்கா, நீங்க உக்காந்தீங்கன்னா அவளுக்கு..."

"நாங்க உக்காந்தா அது பாடிக்கிட்டேல்ல இருக்கும்! போறோம். எல்லாரும் போனாத்தான் அதை நிறுத்தி வீட்டுக்குக் கூட்டிப் போவ."

கெட்ட எண்ணம் உள்ளவன் என்றால் சட்டையைப் பிடிக்கலாம். இரக்கப்பட்டுப் போகிறவர்களை எதைச் சொல்லி உட்கார வைப்பது? ஆனாலும் ரோட்டில் இறங்கி நின்றான். வண்டிகளை மறித்தான். "ஒரு பாட்டுண்ணே, ஒரே ஒரு பாட்டு" என்றான். எல்லோரும் அவன் தோளைத் தட்டினார்கள். "தைரியமா இரு", "கர்த்தர் இருக்காரு", "ஆத்தா பாத்துக்குவா" என்று அவரவர் சாமியை அவனிடம் விட்டுவிட்டுப் போனார்கள். முதுகுக்குப் பின்னால் ஒரு பாட்டு முடிந்து இன்னொன்று ஆரம்பித்தது, அதுவும் முடிந்தது. அடுத்த தெருக் கல்யாண வீட்டு ஸ்பீக்கர்போல அது அவன் காதில் விழுந்துகொண்டிருந்தது. எந்தப் பாட்டு என்று கேட்டிருந்தால் அவனுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

மணி எட்டு அடிப்பதற்கு முன்னால், மேல் ஸ்தாயியில் ஏறிய குரல் பாதியில் கிழிந்தது. மைக் அதை ஒளிக்காமல் திடல் முழுக்கச் சொன்னது. அப்போதுதான் பீட்டர் திரும்பிப் பார்த்தான். ஷர்லி கையெடுத்துக் கும்பிட்டாள். "இத்தோட நிறுத்திக்கிறேன். இருந்து கேட்டவங்களுக்கு நன்றி." நாலைந்து பேர் கைதட்டினார்கள். வெட்டவெளியில் அந்தச் சத்தம் உடனே கரைந்துபோனது.

"எல்லாருக்கும் திருப்பிக் குடுத்துருவோம்டா" என்றான் பீட்டர், நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த சேவுகனிடம்.

சேவுகன் அடுக்குவதை நிறுத்தினான். "செஞ்ச மொய்யத் திருப்பி நீட்டினா, ஒன் ஒறவே வேணாம்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி மாப்ள. எரநூத்திப் பதினாலு வீட்டைப் பகைச்சுக்கிறதா? எனக்கும் ஒறைக்கலடா. நீ பேரை எழுதச் சொன்ன, நான் எழுதினேன்." மறுபடியும் அடுக்கத் தொடங்கினான்.

வீட்டுக்குப் போகும் வழியில் பீட்டர் ஷர்லியிடம் கதை கட்டினான். "லைட்டு ஒன் மூஞ்சியில அடிச்சதுல தெரியல. சேர் சூடா இருக்குன்னு பின்னாடி இருட்டுல நின்னே கேட்டாங்க. ஏகப்பட்ட பேரு." ஷர்லி தலையை ஆட்டினாள். கச்சேரி முடிந்தால் ஆபரேஷன் வரைக்கும் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று சொல்லித்தான் டாக்டர் பாட விட்டிருந்தார். அவளோடு வாதாட வேண்டியதில்லை என்பது அவனுக்கு அந்த நேரத்தில் சௌகரியமாகக்கூட இருந்தது.

திங்கட்கிழமை காலையில் திருச்சிக்குக் கிளம்பத் துணிமணிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். ஷர்லி விரலால் காற்றில் எழுதிக் காட்டி, கையை நீட்டினாள். நோட்டு.

"அது எதுக்கு இப்ப? ஆபரேஷன் முடியட்டும், நானே தர்றேன்."

நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. பைக்கு அடியில் வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தான். அவள் கட்டிலில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படித்தாள். ஒவ்வொரு பெயராக விரல் இறங்கியது. தெரிந்தவர்களின் பெயர் வந்தால் உதடு லேசாக அசைந்தது. ஐந்தாவது பக்கத்தில் விரல் நின்றது. சோலையப்பன், திருவரங்குளம், ஆயிரம். பக்கத்தில் சேவுகனின் குண்டு எழுத்தில், 'பழசு 500 கழிந்தது.' அவளும் அந்த மண்ணில் பிறந்தவள்தான்.

"ஷர்லி, நான் வேணும்னு செய்யல. ஒன் பேருல ஒரு நோட்டு இருக்கணும்னுதான்..." என்று தொடங்கினான் பீட்டர்.

அவள் கோபப்படவில்லை. மிச்சப் பெயர்களையும் கடைசி வரை எண்ணினாள். எழுந்து வந்து அவன் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவினாள். நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, தொடையில் வைத்துக்கொண்டு, நிதானமாக எழுதி அவன் பக்கம் நகர்த்தினாள்.

எழுதினவங்க 214.
உக்காந்து கேட்டவங்க 17.
நீங்க வரல.
பாடினது 11.
பாக்கி 3.