எடுக்காத சருகு

யுத்தம் முடிந்தும் பட்டணத்தில் விறகுத் தட்டுப்பாடு தீரவில்லை. எண்ணூர்ச் சவுக்குத் தோப்பில் வேலிப்படலுக்கு அடியில் புகுந்து, உதிர்ந்த சருகை வாரித்தான் புஷ்பவல்லி அடுப்பு மூட்டினாள். அந்த அடுப்பில் மீன் வறுத்து மில் வாசலில் விற்றால்தான் வீட்டில் உலை கொதிக்கும்.

தோப்புக்காரர் பொன்னுரங்கம் இருக்கிறாரே, தான் மகா கெட்டிக்காரர் என்று அவருக்கு ஒரு நினைப்பு. சருகுத் திருட்டை ஒழிக்க, காசிமேட்டிலிருந்து வண்டி வண்டியாக மீன் குடலும் செதிலும் கொண்டுவந்து சருகின்மேல் கொட்டினார். நாறுகிற சருகை எவள் அள்ளுவாள்? பாதித் தோப்போடு குடல் தீர்ந்துபோனது. புஷ்பவல்லி மீதிப் பாதிக்கு மாறிக்கொண்டாள், அவ்வளவுதான்.

இரண்டு மழைக்காலம் போனது. ஒரு நாள் பொன்னுரங்கம் வந்து பார்த்தால், குடல் கொட்டிய பக்கத்தில் கணுக்கால் புதையக் கிடந்த சருகைக் காணோம். படலோரம் போன புஷ்பவல்லியை அங்கேயே கூப்பிட்டு நிறுத்தினார்.

"இன்னாமே புஷ்பவல்லி, நாத்தம் புடிச்ச சருகைக்கூட வுடலியா? இனிமே தோப்புல கால் வெச்சே, அவ்ளோதான்!"

எடுத்த சருகுக்கு ஒரு நாளும் மாட்டாதவள் எடுக்காத சருகுக்கு மாட்டிக்கொண்டாள். அவளுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அங்கேயே குந்திக் கையால் தோண்டினாள். வெள்ளை மணல் இருந்த இடத்தில் கறுப்பு மண். மீன் நாற்றம் போன இடம் தெரியவில்லை. மக்கிய சருகுக்குள் மண்புழு நெளிந்தது. அவளுக்கே ஆச்சரியம், ஆனால் வாய் நிற்குமா?

"பாரு நைனா! வெறும் சருகு வருசக்கணக்கா மக்காம கெடந்துச்சு. மீனு சேந்ததும் செரிச்சி மண்ணா பூட்ச்சி. உன் சருகை உன் மரமே துன்னுகினு கீது. தலையத் தூக்கிப் பாரு!"

பார்த்தார். அந்தப் பக்கத்து மரங்கள் கரும்பச்சையாகக் கொழுத்து நின்றன. எதிர்ப்பக்கம் பஞ்சத்தில் அடிபட்ட மாதிரி வெளுத்துக் கிடந்தது.

"அது ஏன்மே அப்படி கீது?"

சருகும் இல்லாமல் மீனும் இல்லாமல் மரம் எதைத் தின்னும்? புஷ்பவல்லி பாதியை விழுங்கிவிட்டு மீதியைச் சொன்னாள். "அங்க மீனு கொட்டல இல்ல."

"அப்ப நாளைக்கே ரெண்டு வண்டி கொட்டிட்றேன்!"

நியாயம் பேசப்போய்த் தன் அடுப்பில் தானே தண்ணீர் ஊற்றிக்கொண்டாளே!

"வண்டி இன்னாத்துக்கு நைனா? தெனம் கூடையில நானே கொணாந்து கொட்றேன். மரம் பாவம்."

பொன்னுரங்கம் உருகிப்போய், அவளுக்குப் படலைத் திறந்துவிட்டார். புஷ்பவல்லி சொன்ன சொல் தவறவில்லை. தினமும் ஒரு கூடை குடல் கொட்டினாள். திரும்பும்போதும் கூடை கனத்துத்தான் இருந்தது. மீன் குடல் கூடைக்குள் எவன் மூக்கை நீட்டிப் பார்ப்பான்?