பம்புக்காரரின் இரத்தமும் மேட்டுத் தெருவின் தண்ணீரும்

நீரேற்று நிலையத்துப் பம்புக்காரரின் இரத்தம் கெட்டியான மாதத்தில், ஊர்க் குழாய்களில் தண்ணீர் பாகுபோல் இழையிழையாக வழிந்தது. ஒரு குடம் நிரம்ப முக்கால் மணி நேரம் பிடித்தது. பொறியாளர்கள் குழாய்களைத் தோண்டிப் பார்த்தனர்; அடைப்பு ஏதும் இல்லை. மோட்டாரைப் பிரித்துப் பூட்டினர், பழுதும் இல்லை. தண்ணீரைப் புட்டியில் பிடித்து ஆராய்ந்தவர்கள், அது சுத்தமான தண்ணீர்தான் என்றும், யோசித்து யோசித்து ஒழுகுகிறது என்பதே அதன் குறை என்றும் அறிக்கை எழுதிக் கையொப்பமிட்டனர்.

அதே மாதத்தில் பம்புக்காரரின் முகம் செங்கல் நிறமாயிற்று. காதில் மோட்டார் இரைந்தது. மோட்டாரை நிறுத்திய பிறகும் இரைந்தது. வெந்நீரில் குளித்தால் உடம்பெல்லாம் அரித்தது. இருபத்தாறு ஆண்டுகளாக அழுத்தமானியின் முள்ளை மட்டுமே பார்த்துப் பழகியவராதலால், தம் உடம்பைப் பற்றி அவர் எவரிடமும் சொல்லவில்லை. மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த அவருடைய தங்கைதான், அவர் கண்களின் சிவப்பைக் கண்டு, கையைப் பிடித்து இழுத்துச்சென்று ஊசியை ஏற்றினாள். இரத்தம் குழலில் ஏற மனமின்றி நின்றது.

“அண்ணா, நூறு பங்கு ரத்தத்துல சிவப்பணு நாப்பத்தஞ்சு பங்கு இருந்தாப் போதும். உனக்கு அறுபத்திரண்டு. இது ரத்தமா, தாரா?”

“கெட்டியா இருந்தா நல்லதுதானே? உங்க அண்ணி போடுற காபி மாதிரி இருக்கணுமா?”

“சிரிக்காதே. இந்தச் சேத்தை இழுத்து இழுத்து உன் இதயம் நொந்துபோச்சு. எங்கயாவது கட்டிக்கிச்சுன்னா அவ்வளவுதான்.”

மருத்துவர் சொன்னபடி அவள் ஒரு பை இரத்தத்தை இறக்கினாள். பை நிரம்பிக்கொண்டிருக்கையிலேயே, அறை மூலையில் சொட்டிக்கொண்டிருந்த குழாய் சீறிப் பாய்ந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டென்பதை நகராட்சி மூன்றே நாளில் ஒப்புக்கொண்டது. வாரத்துக்கு ஒன்றாக மேலும் சில பைகள் இறங்கின. சிவப்பணுப் பங்கு நாற்பத்தைந்தைத் தொட்ட அன்று, குழாய் இருந்தும் பதினோர் ஆண்டுகளாகத் தண்ணீர் காணாத மேட்டுத் தெருவின் முதல் வீட்டில் தண்ணீர் வந்தது.

அத்துடன் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் மேட்டுத் தெருவில் இன்னும் முப்பது வீடுகள் மீதமிருந்தன. அங்கே சலவைக்கடை வைத்திருந்தவள், தெருவே பின்தொடர, பம்பு அறை வாசலில் வந்து நின்றாள்.

“இன்னும் ஒரே ஒரு பை, அண்ணே. நாப்பது படி குடம் தூக்கித் தூக்கி என் இடுப்பு வளைஞ்சே போச்சு.”

பம்புக்காரர் முள்ளைப் பார்த்தார். இளகினால் ஓட்டம் கூடும், ஓட்டம் கூடினால் நல்லது. பம்பு அறையில் ஒருநாளும் பொய்க்காத இக்கணக்கை அவர் தம் நெஞ்சுக்கும் போட்டார். தங்கை கண்டிப்பாக மறுத்துவிடவே, அவர் வெளியூர் முகாம்களுக்குச் சென்று, இரத்ததானம் என்று சொல்லித் தொடர்ந்து கொடுத்துவந்தார். முகம் இன்னும் சிவந்தே இருந்ததால் ஒருவரும் சந்தேகிக்கவில்லை.

மேட்டுத் தெருவின் கடைசி வீடுவரை தண்ணீர் பாய்ந்தது. குழாயைத் திறந்தால் எதிர்ச்சுவர் நனைந்தது. எனினும் அத்தண்ணீரில் ஏதோ குறைந்திருந்தது. வயிறு முட்டக் குடித்தவருக்கும் தாகம் அடங்கவில்லை. செடிகள் நனைந்தபடியே வாடின. மூன்றுமுறை அலசிய சட்டையிலும் கறை அசையவில்லை. பம்பு அறையில் மோட்டார் ஓய்வின்றி ஓடிக் கொதித்தது. பம்புக்காரரின் நெஞ்சும் நிமிடத்துக்கு நூற்று நாற்பது முறை அடித்தது. முகத்தின் சிவப்பு போய் உதடுகளும் வெளுத்தன. மூன்று படி ஏறுவதற்குள் அவர் இருமுறை உட்கார்ந்தார். தங்கை சோதித்தாள்: இருபது.

“ஓடினா மட்டும் போதுமாண்ணா? மூச்சுக்காத்தைச் சுமக்க உள்ளே ஆளே இல்ல. காலி வண்டி நூறு நடை அடிச்சு என்ன வந்து சேரும்? இழுக்கிறது உன் இதயம். இன்னும் எத்தனை நாள் இழுக்கும்?”

செய்தி மேடேறியது. சலவைக்காரி இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு, நாற்பது படி இறங்கி வந்து தங்கையிடம் கையை நீட்டினாள்.

“நான் கேட்டுத்தானே இப்படி ஆச்சு. எங்கிட்டேருந்து எடுத்துக்கோம்மா. சோப்பு வாசனை அடிச்சா அப்புறம் என்னைத் திட்டக்கூடாது.”

இரத்த வகை பொருந்திற்று. அவளது இரத்தம் ஏறியதும் மோட்டார் ஒரு பெருமூச்சு விட்டுத் தணிந்தது. மீதியை அவருடைய எலும்புகளே ஊறவைத்தன. நாற்பத்தைந்தில் தங்கை கோடு கிழித்தாள். இனித் தண்ணீர் கீழே இறங்கிவிடும் என்று மேட்டுத் தெருவார் பழைய குடங்களைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தனர். அது இறங்கவில்லை. சலவைக்காரியோடு பதினோர் ஆண்டுகள் அந்தப் படிகளில் ஏறியிறங்கிய இரத்தமாதலால், அதற்கு வழி தெரிந்திருந்தது.

இப்போது பம்பு அறையின் கரும்பலகையில் நாள்தோறும் மூன்று விவரங்கள் எழுதப்படுகின்றன: தொட்டியின் நீர்மட்டம், பம்புக்காரரின் சிவப்பணுப் பங்கு, சலவைக்காரி கண்விழித்த நேரம். மேட்டுத் தெருவுக்கு மட்டும் அவள் எழுந்த பிறகே தண்ணீர் வருகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் ஒன்பது மணிவரை உறங்குவாள் என்பதால், அத்தெருவார் சனிக்கிழமையே குடங்களை நிரப்பி வைத்துக்கொள்கிறார்கள்.